முதல் தையல் நம்ம வீட்டுக்கே! – பை, தலையணை உறை, உள்பாவாடை



நம் கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு நாள் கேள்வி ஒன்று வந்தது. "கடன் போட்டு வாங்கின தையல் மிஷின் எத்தனை பேர் வீட்டில் ஓடுது?" என்று கேட்டோம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பின்னால் இருந்து ஓர் அக்கா, "எங்க வீட்டு மிஷின் மேல டிவி உட்கார்ந்திருக்குங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். மிஷின் நின்றாலும் தவணை நிற்காது.

அந்த அக்காவிடம் தனியாக உட்கார்ந்து கேட்டோம். மிஷின் வந்த பத்தாம் நாளே பக்கத்து வீட்டுப் பெண்ணின் வளைகாப்புக்கு ஜாக்கெட் தைக்க ஒத்துக்கொண்டாராம். கை குழி சரியாக வரவில்லை. பிரித்துத் தைத்ததில் துணி கிழிந்துவிட்டது. புதுத் துணிக்குப் பணம் கொடுத்தார். பேச்சும் வாங்கினார். அன்றைக்கு மூடிய மிஷினை ஒரு வருஷம் திறக்கவே இல்லை.

அக்காவுக்குக் கை வராமல் இல்லை. எதை முதலில் தைக்கணும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஜாக்கெட் என்பது பத்தாம் வகுப்புப் பாடம். நாம் ஒண்ணாம் வகுப்பிலிருந்து தொடங்குவோம். முதலில் நேர்த் தையல், அதுவும் நம் வீட்டுத் துணியில். தப்பு வந்தால் நமக்குள்ளேயே போகட்டும்.

மிஷினைப் புரிஞ்சுக்குவோம்

கையால் தைக்கிற ஊசிக்குக் காது பின்னால் இருக்கும். மிஷின் ஊசிக்குக் காது முனைக்குப் பக்கத்தில் இருக்கும். மேல் நூல் ஊசி வழியாகத் துணிக்குக் கீழே இறங்குகிறது. கீழே பாபினில் இருக்கும் நூல் அந்த மேல் நூலின் வளையத்துக்குள் புகுந்து மாட்டிக்கொள்கிறது. இப்படி ஒவ்வொரு குத்திலும் இரண்டு நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதுதான் மிஷின் தையல்.

இது தெரிந்துவிட்டால் பாதிக் கோளாறுக்கு மெக்கானிக் தேவையில்லை. துணிக்கு அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் மேல் நூல் தளர்வாக இருக்கிறது, அல்லது நூலைச் சரியான வழியில் கோர்க்கவில்லை என்று அர்த்தம். துணியின் மேல்பக்கம் மேல் நூல் கம்பி மாதிரி நேராகக் கிடந்து, கீழ் நூல் புள்ளி புள்ளியாக மேலே தெரிந்தால் மேல் நூல் இறுக்கமாக இருக்கிறது. எதுவானாலும் முதலில் நூலை எடுத்துவிட்டு மறுபடி கோர்த்துப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். அதன்பிறகே திருகைத் தொடுங்கள். அதையும் ஒரே சுற்றாகச் சுற்றாமல் கால் சுற்று திருப்பித் தைத்துப் பாருங்கள்.

ஊசி மாட்டுவதிலும் ஒரு கவனம் வேணும். மிஷின் ஊசியில் ஒரு பக்கம் நீளமான பள்ளம் இருக்கும். நூல் எந்தப் பக்கத்திலிருந்து ஊசிக் காதுக்குள் நுழைகிறதோ, அந்தப் பக்கம் பள்ளம் இருக்க வேண்டும். ஊசியை மேலே முட்டும் வரை ஏற்றித் திருகணும். பாதியில் நின்றால் தையல் விட்டு விட்டு விழும். பாப்ளின், பெட்ஷீட் துணிக்கு 16-ஆம் நம்பர் ஊசி, மெல்லிய காட்டனுக்கு 14-ஆம் நம்பர் ஊசி போதும்.

முதல் வாரம்: நூலே வேண்டாம்

கால் மிஷின் வைத்திருப்பவர்கள் முதலில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மிதியை மட்டும் மிதித்துப் பழகுங்கள். காலில் ஒரே தாளம் வரட்டும். பிறகு பெல்ட்டை மாட்டி, சக்கரம் எப்போதும் நம் பக்கமாகச் சுற்றும்படி பழகுங்கள். சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் சிக்கி அறுந்துபோகும்.

அடுத்து பிள்ளைகளின் பழைய நோட்டில் கோடு போட்ட தாளை எடுங்கள். நூல் கோர்க்காமல், ஊசி கோட்டின் மேலேயே போகும்படி ஓட்டுங்கள். ஓட்டை எல்லாம் கோட்டில் விழுந்தால் கை பழகிவிட்டது என்று அர்த்தம். நேர்க்கோடு வந்ததும் சதுரம் வரைந்து ஓட்டுங்கள். மூலையில் ஊசியைத் தாளுக்குள் இறக்கி நிறுத்தி, பிரஷர் பூட்டைத் தூக்கி, தாளைத் திருப்பி, மறுபடி பூட்டை இறக்கணும். இந்த ஒரு பழக்கம்தான் பின்னால் பைக்கும் உறைக்கும் மூலை கூராக வர உதவும். தாளில் ஓட்டிய ஊசி மழுங்கிப்போகும். அதைத் தனியாக வைத்துக்கொண்டு, துணிக்கு வேறு ஊசி மாட்டுங்கள்.

தைக்கும்போது துணியைப் பிடித்து இழுக்காதீர்கள். துணியை நகர்த்துவது அடியில் இருக்கிற பல்லின் வேலை. நம் கை வழி காட்டினால் போதும். இழுத்தால் ஊசி வளைந்து உடையும். உடைந்த ஊசித் துண்டுகளை எண்ணி எடுத்து ஒரு டப்பாவில் போடுங்கள். வீட்டில் தவழும் குழந்தை இருக்கும், மறந்துடாதீங்க.

துணியை வெட்டும் முன்

புதுக் காட்டன் துணியை அப்படியே வெட்டாதீர்கள். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகு வெட்டுங்கள். காட்டன் நனைந்தால் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும்.

துணியில் நீளவாட்டு, அகலவாட்டு என்று இரண்டு உண்டு. இரண்டு பக்கமும் கரை ஓடுகிறதே, அந்தக் கரை போகிற திசைதான் நீளவாட்டு. அது இழுத்தால் அதிகம் கொடுக்காது. உடுத்துகிற துணியில் நீளவாட்டு மேலிருந்து கீழாக வரும்படி வெட்டணும்.

வேண்டிய சாமான்கள்: அளவு டேப், துணிக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் கத்தரிக்கோல், சாக்பீஸ், குண்டூசி, ஒரு ஊக்கு, நூல். கத்தரிக்கோலில் பேப்பர் வெட்டினால் கூர் போய்விடும். பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

1. துணிப்பை

பையில் எல்லாமே நேர்த் தையல். கோணல் வந்தாலும் காய்கறி ஒன்றும் சொல்லாது! அதனால்தான் இதை முதலில் வைத்தோம்.

பழைய பெட்ஷீட்டில் கிழியாத பகுதி போதும். 16 அங்குல அகலம், 38 அங்குல நீளத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். கைப்பிடிக்கு 4 அங்குல அகலம், 20 அங்குல நீளத்தில் இரண்டு பட்டை.

பட்டையின் இரண்டு ஓரத்தையும் நடுவுக்கு மடித்து, மறுபடி இரண்டாக மடித்தால் 1 அங்குலப் பட்டி கிடைக்கும். இரண்டு ஓரத்திலும் தையல் ஓட்டுங்கள். பெரிய துண்டின் 16 அங்குல ஓரங்கள் இரண்டையும் முதலில் அரை அங்குலம், பிறகு ஒரு அங்குலம் மடித்துத் தையுங்கள். அதன்மேல் ஓரத்திலிருந்து நாலரை அங்குலம் தள்ளி இரண்டு பக்கமும் கைப்பிடியின் நுனிகளை வையுங்கள். நுனியைச் சுற்றிச் சதுரமாகத் தைத்து, நடுவில் குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறி போல ஒரு தையல் போடுங்கள். பை அறுந்தால் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் அறும். மற்ற ஓரத்துக்கும் இதே மாதிரி.

இப்போது நல்ல பக்கம் உள்ளே போகும்படி துண்டை இரண்டாக மடித்து, இரண்டு பக்கவாட்டையும் அரை அங்குலம் விட்டு இரட்டைத் தையல் போடுங்கள். திருப்பினால் 15 அங்குல அகலம், பதினேழரை அங்குல உயரத்தில் பை தயார்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. ஆகவே பழகுவதற்காகத் தைக்கிற பை வீணாகாது. முதல் ஐந்து பையை நம் வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும் கொடுங்கள்.

2. தலையணை உறை

பட்டன், நாடா எதுவும் வேண்டாம். உள்ளே மடிப்பு வைத்த உறை இது. நம் தலையணை 16 அங்குல அகலம், 24 அங்குல நீளம் என்று வைத்துக்கொள்வோம்.

அகலம்: 16 + தளர்வுக்கு 1 + தையலுக்கு 1 = 18 அங்குலம்.
நீளம்: 24 + 24 + உள் மடிப்புக்கு 6 + ஓரம் மடிக்க 2 = 56 அங்குலம்.

இரண்டு 18 அங்குல ஓரங்களையும் ஒவ்வொரு அங்குலம் மடித்து அடித்துவிடுங்கள். நீளம் 54 ஆகிவிடும். துணியின் நல்ல பக்கம் மேலே தெரியும்படி தரையில் விரியுங்கள். ஒரு ஓரத்திலிருந்து 6 அங்குலத்தில் சாக்பீஸ் கோடு போடுங்கள். எதிர் ஓரத்தை எடுத்து அந்தக் கோடு வரை கொண்டுவந்து மடியுங்கள். இப்போது மிச்சம் இருக்கிற 6 அங்குலத்தை அதன்மேல் மடித்துப் போடுங்கள். குண்டூசி குத்தி, இரண்டு பக்கவாட்டையும் அரை அங்குலம் விட்டுத் தையுங்கள். திருப்பினால் அந்த 6 அங்குலம் உள்ளே போய்விடும். தலையணை வெளியே வராது.

மடிக்கும் வரிசை மாறினால் மடிப்பு வெளியே நிற்கும். முதல் தடவை எல்லோருக்கும் இது நடக்கும். ஒரு பேப்பரை இதே மாதிரி மடித்துப் பார்த்துவிட்டுத் தைத்தால் குழப்பம் வராது.

3. உள்பாவாடை

உடுத்துகிற துணியில் முதல் பாடம் இது. நாலு துண்டுப் பாவாடை. நம் கணக்கு 40 அங்குல இடுப்புச் சுற்றுக்கும் 36 அங்குல உயரத்துக்கும். இடுப்பின் பருத்த இடத்தில் டேப்பை வைத்துச் சுற்றளவு எடுங்கள்.

36 அங்குல அகலப் பாப்ளின் இரண்டேகால் மீட்டர் வாங்குங்கள். ஊறவைத்துக் காயவைத்த பிறகு 38 அங்குல நீளத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். மிச்சத் துணியைப் பத்திரமாக வையுங்கள், நாடாவுக்கு ஆகும்.

ஒரு துண்டை விரியுங்கள். மேல் ஓரத்தில் இடது கரையிலிருந்து 12 அங்குலத்தில் ஒரு புள்ளி. கீழ் ஓரத்தில் இடது கரையிலிருந்து 24 அங்குலத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் சேர்த்து சாய்வாகக் கோடு போட்டு வெட்டுங்கள். வலது துண்டைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்: மேலே 12, கீழே 24. அடுத்த 38 அங்குலத் துண்டையும் இப்படியே வெட்டினால் நாலு துண்டு. ஒரு சாண் துணி வீணாகவில்லை பாருங்கள்!

இந்த 12 எப்படி வந்தது? இடுப்பு 40, தளர்வுக்கு 4, தையலுக்கு 4. கூட்டினால் 48. அதை நாலால் வகுத்தால் 12. இடுப்பு 44 உள்ளவர்களுக்கு 52, நாலால் வகுத்தால் 13. அப்போது கீழே 23 வரும். மேலும் கீழும் சேர்ந்து துணியின் அகலத்துக்குச் சமமாக இருக்கணும். நனைந்து அகலம் 35 ஆகிவிட்டால் மேலே 12-ஐக் குறைக்காதீர்கள், கீழே 23 வையுங்கள். இந்தக் கணக்கு தெரிந்தால் யார் அளவுக்கும் நாமே வெட்டலாம்.

ஒவ்வொரு துண்டிலும் ஒரு பக்கம் நேர்க் கரை, இன்னொரு பக்கம் சாய்வு. சேர்க்கும்போது எப்போதும் ஒன்றின் நேர்ப் பக்கத்தோடு அடுத்ததன் சாய்வுப் பக்கத்தைச் சேருங்கள். சாய்வும் சாய்வும் சேர்ந்தால் அந்தத் தையல் இழுபட்டுத் தொங்கும். மேலிருந்து கீழாகத் தைத்து வாருங்கள். நாலாவது இணைப்பில் மட்டும் மேலே 6 அங்குலம் தைக்காமல் விட்டு, அந்தத் திறப்பின் ஓரத்தை மடித்துத் தையுங்கள்.

இப்போது கீழே பாருங்கள். சாய்வுப் பக்கம் ஏறக்குறைய ஒண்ணே முக்கால் அங்குலம் நீண்டு வால் மாதிரி நிற்கும். பயப்படாதீர்கள், தப்பு இல்லை. சாய்வுக்கோடு நேர்க்கோட்டைவிட நீளமாகத்தானே இருக்கும். அந்த வாலைக் கத்தரித்து, கீழ் ஓரத்தை வளைவாகச் சரி செய்யுங்கள். பிறகு மேலேயும் கீழேயும் கால் அங்குலம், முக்கால் அங்குலம் என இரண்டு மடிப்பாக மடித்துத் தையுங்கள்.

மிச்சத் துணியில் 2 அங்குல அகலப் பட்டை மூன்று வெட்டி, நீளமாக ஒட்டி, பை கைப்பிடி மாதிரியே மடித்துத் தைத்தால் நாடா வந்துவிடும். ஊக்கில் குத்தி மேல் மடிப்புக்குள் கோர்த்துவிடுங்கள்.

கணக்கு என்ன சொல்லுது?

நாம் குழுப் பெண்கள். கணக்கு போடாமல் எதையும் நம்பக் கூடாது. ஒரு பேச்சுக்கு பாப்ளின் மீட்டர் 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டேகால் மீட்டருக்கு 180. நூலுக்கு 10. ஆக 190 ரூபாய். அதே பாவாடை கடையில் 220 என்றால் மிச்சம் 30 ரூபாய்தான். மிஷின் கடன் தவணை மாதம் 500 என்றால், அந்த மிச்சத்தில் தவணை கட்ட 17 பாவாடை தைக்கணும். நம் வீட்டில் மாதம் 17 பாவாடைக்கு வேலை இல்லை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே ஒரு தடவை எழுதிப் பாருங்கள்.

அப்படியானால் தையல் வேண்டாமா? வேணும். ஆனால் லாபம் எங்கே இருக்கிறது என்று தெரிந்து செய்யணும். புதுத் துணியில் கிடைக்கிற மிச்சத்தைவிட, பழுது பார்ப்பதில்தான் வீட்டுக்கு மிச்சம் அதிகம். பள்ளிக்கூடப் பாவாடையின் மடிப்பை இறக்கிவிடுவது, சட்டையின் பக்கத் தையலைத் தளர்த்துவது, சேலைக்கு ஃபால்ஸ் வைப்பது, கிழிந்த பெட்ஷீட்டை நடுவில் வெட்டி, கிழியாத கரைகளை நடுவில் சேர்த்து மறுபடி தைப்பது. இவற்றுக்குத் துணிச் செலவு கிடையாது, கொஞ்சம் நூலும் நேரமும் போதும்.

அதனால் எங்கள் யோசனை: முதலில் தையல், அப்புறம் கடன். குழுவில் யாராவது ஒருவர் வீட்டில் மிஷின் சும்மா இருந்தால், நாலு பேர் சேர்ந்து நாள் பிரித்துக்கொண்டு அதில் பழகுங்கள். எண்ணெய், ஊசி, நூல் செலவைப் பொதுவில் போடுங்கள். மூன்று மாதம் விடாமல் வந்தவர்களுக்கு மிஷின் கடன் கொடுத்தால் அந்த மிஷின் நிற்காது.

மத்தவங்க துணியை எப்போ தொடலாம்?

பை பத்து, தலையணை உறை ஐந்து, உள்பாவாடை மூன்று. இவ்வளவும் பிரிக்காமல் தைத்து, அதில் ஒரு பாவாடையை நாமே உடுத்தி, பத்துத் தடவை துவைத்த பிறகும் தையல் விடாமல் இருந்தால், கூலிக்கு வாங்கலாம். அதுவும் பாவாடை, ஃபால்ஸ், பழுது வேலை மட்டும். ஜாக்கெட்டுக்கு ஆள் வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். "இது எனக்கு இன்னும் வராதுங்க" என்று சொல்வது வெட்கம் இல்லை. வராததை வாங்கிவிட்டுத் திணறுவதுதான் கஷ்டம்.

முறையாகப் படிக்க விரும்புகிறவர்கள், வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்தும் ஊரக சுய வேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் கேளுங்கள். தையல் பயிற்சி இலவசமாகத் தருகிறார்கள். கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் ஆகியோருக்காக, சத்தியவாணி முத்து அம்மையார் நினைவாக இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டம் சமூக நலத்துறையில் உண்டு. வயது, வருமானம், சான்றிதழ் விவரங்களை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இடையில் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள்.

கடைசியாக, டிவி வைத்த மிஷின் அக்காவைப் பற்றிச் சொல்லணும். அவர் டிவியை இறக்கி வைத்தார். அதே மிஷினில் முதலில் பை தைத்தார். முதல் பையின் கைப்பிடி ஒன்று நீளம், ஒன்று குட்டை. அதையே தோளில் மாட்டிக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார். இப்போது அவர் தெருவில் ஃபால்ஸும் பள்ளிக்கூடப் பாவாடையும் அவரிடம்தான் வருகின்றன. ஜாக்கெட் கேட்டால், "அடுத்த வருஷம் கேளும்மா" என்கிறார்.

உங்கள் குழுவில் எத்தனை மிஷின் சும்மா நிற்கிறது? அடுத்த கூட்டத்தில் எண்ணிப் பார்த்துத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். யார் வீட்டில், எந்த நாளில், எந்த நாலு பேர் பழகப் போகிறார்கள் என்பதையும் அதற்குக் கீழேயே எழுதிவிடுங்கள். முதல் பையைத் தைத்ததும் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை!